டியூட்டியம்மா கொடுக்காத ஒன்றரை நாள்

ஆய்வு மையத்தின் இரண்டாவது மாடியில், ஏசி தண்ணீர் சொட்டுவதற்கென்றே ஒரு வாளி வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் டியூட்டியம்மா. இங்கே வருவதற்கு முன் பஸ் டிப்போவில் டிரைவர், கண்டக்டர்களுக்கு டியூட்டி போட்டுக்கொண்டிருந்தாள். மச்சினிக்குக் கல்யாணம், இடுப்புப் பிடிப்பு, பாட்டி இரண்டாவது முறையாக இறந்துவிட்டாள் என்று வந்த அத்தனை பேரையும் சமாளித்தவளுக்கு, வானத்தில் சுற்றும் ஒரே ஒரு தொலைநோக்கிக்கு டியூட்டி போடுவது என்ன பெரிய காரியம்? அப்படி நினைத்துத்தான் சேர்ந்தாள். டிப்போக்காரர்களே தேவலை என்பது முதல் மாதச் சம்பளம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. டிப்போக்காரனுக்குத் தான் சொல்வது பொய் என்று தெரியும். விஞ்ஞானிகளோ தங்கள் நட்சத்திரத்தை விட்டால் உலகமே இல்லை என்று மனதார நம்பினார்கள்.

அந்தத் தொலைநோக்கி எக்ஸ்ரே கதிர்களைப் பார்ப்பது. ஒரு சமயத்தில் ஓர் இடத்தைத்தான் பார்க்கும். சூரியன் பக்கம் திரும்பவே கூடாது. ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் திருப்ப அரை நாள் போய்விடும். திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கலரில் பட்டை போட்டு, இடைவெளி விழாமல் அடுக்கி வைப்பாள். ஒரு பட்டையை நகர்த்தினால் பின்னால் இருக்கிற இருபதும் நகரும். அந்த இருபது பேரும் போன் செய்வார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும்தான் இடி, இவளுக்கு எல்லாப் பக்கமும் இடி.

சரி, வீட்டுக்காவது போய் நிம்மதியாக இருக்கலாம் என்றால், வீட்டுக்காரர் பிளம்பர். ஊரில் பாதிப் பேருக்கு "நாளைக்குக் காலையில வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, மீதிப் பாதிப் பேர் வீட்டுக்குப் போகிற மனிதர். அவரைத் தேடி வருகிறவர்களுக்கும் பதில் சொல்வது இவள்தான். தேதி என்றால் தேதி, அதை மனிதர்கள் ஏன் இப்படி ரப்பர் மாதிரி இழுக்கிறார்கள் என்பது அவளுக்கு ஆயுள் முழுக்கத் தீராத எரிச்சல்.

இப்படிப்பட்டவளிடம்தான் நட்சத்திரக் காற்றை ஆராய்கிற காற்றுக்காரர் வந்து மாட்டினார். அல்லது இவள் அவரிடம் மாட்டினாள். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். சட்டைப் பையில் எப்போதும் மூடி இல்லாத பேனா, அதனால் பையில் எப்போதும் மைக்கறை. முப்பது வருடமாக ஒரே ஒரு இரட்டை நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுபவர்.

"ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரா வெச்சா என்னம்மா ஆகும்?" என்று முதல் நாளே கேட்டார்.

"கரண்ட் பில் ஏறும் சார்."

அவர் சிரித்துவிட்டு விளக்கினார். இரண்டுமே சூரியனைவிடப் பல மடங்கு கனமான நட்சத்திரங்கள். அவற்றின் வெளிச்சமே அவற்றின் மேல்தோலை ஊதித் தள்ளுகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் இரண்டிலிருந்தும் காற்று கிளம்பி நடுவில் மோதுகிறது. மோதுகிற இடம் கோடிக்கணக்கான டிகிரி கொதித்து எக்ஸ்ரேயாகக் கொட்டுகிறது. இரண்டும் நீள்வட்டத்தில் சுற்றுவதால் பதினான்கு வருடத்துக்கு ஒருமுறை மிக நெருங்கி வரும். நெருங்க நெருங்க எக்ஸ்ரே ஏறிக்கொண்டே போகும். பிறகு திடீரென்று படுத்துவிடும். வலுத்த காற்று இளைத்த காற்றை அதன் வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அமுக்கிவிடுவதால்தான் அப்படி என்பது அவர் கட்சி. இல்லை, குறுக்கே ஏதோ மறைக்கிறது என்பது எதிர்க்கட்சி. படுப்பதற்கு முன்னும் பார்த்திருக்கிறார்கள், பின்னும் பார்த்திருக்கிறார்கள். படுக்கிற அந்தச் சில மணி நேரத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டால் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

"அடுத்த தடவ நான் இருக்க மாட்டேன்மா" என்றார், பஸ் போய்விடும் என்கிற மாதிரி சாதாரணமாக.

ஒன்றரை நாள் இமை கொட்டாமல் பார்க்கவும், அதற்கு முன் அவ்வப்போது சில நிமிடம் எட்டிப் பார்த்து அளவெடுக்கவும் அவருக்கு நேரம் அனுமதியாகியிருந்தது. டியூட்டியம்மா பட்டை போட்டாள். போட்ட மறுவாரமே வந்து நின்றார்.

"காத்து நான் நினைச்சதவிட கொஞ்சம் பலமா இருக்கு. ரெண்டு நாள் முன்னால தள்ளிக்கலாமா?"

தள்ளினாள். பத்து நாள் கழித்து, காற்று இளைத்துவிட்டதாம், நான்கு நாள் பின்னால் வேண்டும். தள்ளினாள். பிறகு, பழைய கணக்கில் ஒரு பிசகு, ஒரு நாள் முன்னால்.

"சார், அது சுத்தற சுத்து உங்களுக்கு நிமிஷக் கணக்கா தெரியும்னு சொன்னீங்க."

"சுத்து தெரியும்மா. காத்து எப்ப சாயும்னுதான் தெரியல. அது நிலையா வீசற சாமான் இல்ல."

"என் வீட்டுக்காரரும் இதையேதான் சொல்றார், பைப்பைப் பத்தி."

ஒவ்வொரு தடவை அவர் பட்டை நகர்ந்தபோதும் அடிபட்டது கருந்துளைப் பெண்ணின் பட்டை. எங்கோ தூரத்து ஊரில் ஆராய்ச்சிப் படிப்பு முடிக்கிற பெண். அவளுடைய கருந்துளையும் வானத்தில் அதே பக்கம் இருந்து தொலைத்தது. மூன்று தடவையும் சண்டை போடவில்லை. "பரவால்ல மேடம்" என்றுதான் சொன்னாள். மூன்றாவது தடவை குரல் மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது. அந்த மாதத்துக்குள் பார்க்காவிட்டால் சூரியன் அந்தப் பக்கம் வந்துவிடும், படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போகும். சத்தம் போடுகிறவனுக்கு ஜன்னல் சீட்டு, வாயைத் திறக்காதவளுக்குப் படிக்கட்டா? டியூட்டியம்மாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

நான்காவது தடவை அவர் வந்தபோது மூச்சு வாங்கியது. லிஃப்டுக்குக் கூடக் காத்திருக்கவில்லை போலிருக்கிறது.

"இன்னும் ஒன்றரை நாள் முன்னால வேணும்மா. இந்தத் தடவ நிச்சயம்."

"போன மூணு தடவையும் நிச்சயம்தான் சார்."

"நேத்து வந்த அளவைப் பாருங்க, இறங்கறதுக்கு முன்னால ஒரு நடுக்கம் தெரியுது..."

"அந்த ஒன்றரை நாள் அந்தப் பொண்ணோடது. அவளுக்கு அதுதான் கடைசி, மறுநாளே அவ கருந்துளைகிட்ட சூரியன் வந்துடும், உங்களதுக்கு இன்னும் நாள் இருக்கு. முடியாது சார்."

அவர் திரையில் அந்தப் பெண்ணின் பட்டையைப் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்று இறங்கிப் போனார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. அன்று டிபன் பாக்ஸை முழுதாகக் காலி செய்தாள்.

அந்தத் தடவைதான் அவர் கணக்கு சரியாக இருந்தது. அந்தப் பெண்ணின் பட்டை தொடங்குவதற்கு முன் எடுத்த அளவில் எக்ஸ்ரே உச்சத்தில் இருந்தது. அவளுடையது முடிந்து, தொலைநோக்கி இரட்டை நட்சத்திரத்தின் பக்கம் திரும்பியபோது எல்லாம் படுத்து அடங்கியிருந்தது. ஒன்றரை நாள் முழுக்க, இமை கொட்டாமல், ஒன்றுமில்லாததைப் பார்த்தது.

இரண்டு நாள் கழித்து அவர் படி ஏறி வந்தார். டியூட்டியம்மா தயாராகத்தான் இருந்தாள். விதிமுறை, அனுமதி, அவர் மாற்றிய மூன்று தேதிகள், எல்லாம் நாக்கின் நுனியில் இருந்தன. திட்டட்டும், நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கலாம்.

"நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன்."

"சார், கத்தணும்னா கத்திடுங்க."

"எதுக்கு? மூணு தடவ பொய் சொன்னவன் நாலாவது தடவ உண்மை சொன்னா யார் நம்புவா? நானே நம்பியிருக்க மாட்டேன்."

"நான் செஞ்சதுல தப்பு இல்ல சார்."

"இல்லவே இல்லம்மா" என்றார். அதை அவர் மனதாரச் சொன்னதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதன் முப்பது வருடம் காத்திருந்ததைக் கோட்டை விட்டுவிட்டு இப்படியா நிற்பான்? மேசையையாவது தட்டக் கூடாதா? அவர் போன பிறகு அன்றைக்கு வந்த அத்தனை போனிலும் அவளே கத்தித் தீர்த்தாள்.

அடுத்த வாரம் கருந்துளைப் பெண் கூப்பிட்டாள். நல்ல தகவல்கள் கிடைத்துவிட்டன, படிப்பை முடித்துவிடலாம் என்றாள். சந்தோஷப்பட வேண்டிய குரல் தயங்கியது.

"மேடம், சாரோட கிராஃபைப் பார்த்தேன். நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. அது சரியா என் ஒன்றரை நாள். மனசே கேக்கல. அவருக்கு எழுதினேன்."

டியூட்டியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன சொன்னார்?"

"அந்த நேரத்தை அவர் கேக்கவே இல்லையாம், அவர் கணக்குப்படி அது வேற நாள்ல நடக்க வேண்டியதாம், அப்படின்னு எழுதியிருக்கார். அவர் கணக்குதான் தப்பாப் போச்சாம். உண்மையா மேடம்? அவர் உங்ககிட்ட கேக்கலையா?"

முப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை சரியாகப் போட்ட கணக்கு. அதையும் தப்பு என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர்.

"கேக்கலம்மா" என்றாள் டியூட்டியம்மா. "நீ படிப்பை முடி."