ஐரினுக்கு வந்த வெள்ளை ஹெல்மெட்

கட்டடம் கட்டுகிற இடத்தில் மேனேஜர் ஆக மூன்று வழி உண்டு. எஞ்சினியரிங் படித்துவிட்டு வரலாம். டிப்ளமோவோடு சேர்ந்து, வெயிலில் காய்ந்து, படிப்படியாக ஏறலாம். இல்லையென்றால் முதலாளியின் மகளைக் கட்டிக்கொள்ளலாம். என் அக்கா ஐரின் முதல் இரண்டையும் செய்தாள். சுனில் மூன்றாவதைச் செய்தான். மேனேஜர் ஆனது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிரேசர் டவுனிலிருந்து ஹெண்ணூர் சைட்டுக்கு அக்கா தினமும் பஸ்ஸில் போவாள். பகலில் வேலை, சாயங்காலம் காலேஜ் என்று ஓடி டிகிரியும் வாங்கினாள். அந்தக் கம்பெனியில் கூலியாட்களுக்கு மஞ்சள் ஹெல்மெட், எஞ்சினியர்களுக்கு நீலம், மேனேஜருக்கு மட்டும் வெள்ளை. சிமென்ட் லாரிக்காரர் முதல் பிளாட் பார்க்க வருகிறவர்கள் வரை எல்லாரும் அவளிடம்தான் வந்து, "மேனேஜர் யாரும்மா?" என்று கேட்பார்கள். அவள் ஏசி கேபினைக் கைகாட்டுவாள். உள்ளே சுனில் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஒரே ஒரு நாளாவது அந்தக் கேள்விக்கு 'நான்தான்'னு சொல்லணும்டா" என்பாள் வீட்டுக்கு வந்து.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது சுனில் போன் செய்தான். "ஐரின் மேடம், உங்க ப்ரமோஷன் ஓகே ஆயிடுச்சு. உடனே சைட்டுக்கு வாங்க." அம்மா அழுதேவிட்டாள். கட்டியிருந்த பட்டுச் சேலையோடு அக்கா ஆட்டோ ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை அப்படி என்ன அவசரம் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று விடியற்காலை சைட்டின் பின்பக்கம் புதிதாகப் போட்ட தளம் இடிந்து விழுந்திருந்தது. கான்கிரீட் காயும் முன்பே அதைத் தாங்கியிருந்த முட்டுகளைப் பிரிக்கச் சொன்னவன் சுனில். அடியில் சிக்கிக் கொத்தனார் தனக்கோடி செத்துப்போயிருந்தார். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது.

கேட்டிலேயே காத்திருந்த சுனில், தன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "கங்கிராட்ஸ் மேடம்" என்றான். அவள் அதைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து எங்கள் குடும்ப குரூப்பில் அனுப்பினாள். அம்மா என்னைக் கேக் வாங்க விரட்டினாள்.

அதற்குள் அங்கே போலீஸ் ஜீப் வந்து நின்றிருக்கிறது. இறங்கிய இன்ஸ்பெக்டர், "மேனேஜர் யாரு?" என்று கேட்டார்.

பழக்கத்தில் அக்காவின் கை கேபின் பக்கம் எழுந்ததாம். தலையில் இருப்பது ஞாபகம் வந்ததும் கையை இறக்கிக்கொண்டு, சிரித்தபடி சொல்லியிருக்கிறாள்:

"நான்தான் சார்."

ப்ரமோஷன் ஆர்டரில் முந்தின வாரத் தேதியைப் போட்டுவைத்திருந்தார்கள், பாவிகள். சுனில் இப்போது வேறொரு சைட்டில் மேனேஜர். என் அக்காவை மேனேஜர் என்று சொல்வது கோர்ட்டில் மட்டும்தான்.