ஆறு வீட்டுச் சோப்பு

தையல்காரியை அந்த ஊரில் யாரும் தையல்காரி என்று சொல்வதில்லை. சோப்பு அக்கா என்றால்தான் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். காலையில் சட்டை தைப்பாள். மதியம் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, கைக்குழந்தை இருக்கும் வீடுகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். இதற்குச் சம்பளம் ஒன்றும் கிடையாது. சுகாதார நிலையத்து நர்ஸம்மா கொஞ்சம் பயிற்சி கொடுத்து, ஒரு துணிப்பையும் கொடுத்து, தாய்மார்களோடு பேசிவிட்டு வரச் சொன்னார். பேசத்தான் சொன்னார். அக்கா அதைத் திட்டச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

அவள் திட்டுவதைக் கேட்க வேண்டும். தண்ணீர்க் குடம் திறந்து கிடந்தால், பல்லி குளிப்பதற்கா வைத்திருக்கிறாய் என்று ஆரம்பிப்பாள். பால் புட்டி கண்ணில் பட்டுவிட்டாலோ, அந்த வீட்டுக்காரியின் ஏழு தலைமுறையும் சந்திக்கு வந்துவிடும். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள். திட்டி முடித்த கையோடு குழந்தையை வாங்கிக் கொஞ்சிவிட்டுத்தான் போவாள். ஆனால் திட்டு வாங்குகிறவளுக்கு, இவள் வாய் வேறு மனசு வேறு என்று பிரித்துப் பார்க்க நேரம் ஏது?

பின்தெருவில் ஆறு வீடு, ஆறு தாய்மார்கள். தெருமுனையில் முதலில் அக்காவின் குரல் திரும்பும், அதற்குப் பின்னால்தான் ஆள் திரும்புவாள். அதற்குள் புட்டிகள் துணி மூட்டைக்குள் போய்விடும், குடங்களுக்கு மூடி வந்துவிடும். கை கழுவும் இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு சோப்பு பளபளவென்று உட்கார்ந்திருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் சோப்பு! அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா என் தெருவை என்று நர்ஸம்மாவிடம் போய் அளந்துவிட்டு வந்தாள்.

ஒருநாள் முதல் வீட்டுச் சோப்பின் ஓரத்தில் இரண்டு குட்டிப் பல் பதிந்திருந்தது. அந்த வீட்டுப் பொடியன் கடித்துப் பார்த்திருக்கிறான். அக்காவும் சிரித்துவிட்டு நகர்ந்தாள். மூன்றாவது வீட்டுச் சோப்பிலும் அதே பல். அந்த வீட்டுக் குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கவில்லை. அக்கா ஒன்றும் பேசாமல் நான்காவது வீட்டுக்குள் நுழைந்து நேராகக் கொல்லைப்பக்கம் போனாள். அங்கே நான்காவது வீட்டுக்காரி, மூன்றாவது வீட்டுக்காரி சுவருக்கு மேலே நீட்டிய சோப்பை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஒரே சோப்பில் ஆறு வீட்டை மறைத்திருக்கிறார்கள்.

அன்று அக்கா போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காக்கை எல்லாம் எழுந்து போயிற்று. அந்தக் கோபத்தோடேயே கடைசி வீட்டு வாசலில் நின்று, குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். அது ஒரு சின்னப் பெண், தலைப்பிள்ளைக்காரி. நல்லா இருக்கான், தூங்குறான் என்றாள். அக்காவும் விறுவிறுவென்று போய்விட்டாள்.

சாயங்காலம் அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முந்தின நாளிலிருந்தே வயிற்றால் போயிருக்கிறது. கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவனுக்கு டிரிப் ஏற்றினார்கள். பிழைத்தான். அக்கா தலைதெறிக்க ஓடிப்போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். அந்தப் பெண் நிமிரவே இல்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன்க்கா. புட்டியில பால் குடுத்தது தெரிஞ்சா திட்டுவீங்களேன்னு பயந்துட்டேன்."

அதன்பிறகு அக்கா வீட்டில் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது. சைக்கிள் கடை வைத்திருக்கும் அவள் கணவன் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வாயில் புண்ணா என்று விசாரித்தான். புண் வாயில் இல்லை. நாளைக்கு இன்னொரு குழந்தைக்கு இப்படி ஆனால் நம்மிடம் சொல்வார்களா, இல்லை மூட்டைக்குள் ஒளிப்பார்களா? சொல்லவில்லை என்றால் நாம் எதற்கு? நர்ஸம்மாவிடம் போய் இதையே கேட்டாள். இதமாகப் பேசிப் பாரேன் என்றார் நர்ஸம்மா. பேசிப் பார்த்தாள். அக்கா இனிக்க இனிக்கப் பேசியதைக் கேட்டு, என்னமோ பெரிதாக வரப்போகிறது என்று பின்தெரு இன்னும் அரண்டுபோனது.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆறு பேரையும் கூப்பிட்டு, "நாளைக்கு என் வீட்டுக்கு வாங்க. நான் உங்க வீட்டைப் பார்த்த மாதிரி நீங்க என் வீட்டைப் பாருங்க. நான் எதையும் எடுத்து வைக்க மாட்டேன்," என்றாள்.

வந்தார்கள் பாருங்கள்! பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, படை திரண்டு வருவதுபோல் வந்தார்கள். ஒருத்தி கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஒருத்தி குடத்தை மோந்து பார்த்தாள். மூடி எங்கே என்றால், மூடியில் அக்கா பொத்தான்களைப் போட்டு வைத்திருந்தாள். நான்காவது வீட்டுக்காரி இடுப்பில் கைவைத்து, அக்கா மாதிரியே புருவத்தைத் தூக்கி, "பல்லிக்குத் துண்டு எங்கக்கா?" என்று கேட்டாள். அக்காவின் நகத்துக்குள் தையல் சாக்பீஸ் அடைந்து கிடந்ததை இன்னொருத்தி கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். மாமியாரே உடைத்தாலும் இனி மண்குடம் இல்லை, பொன்குடம்தான் என்று ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தானா கணவன் சாப்பிட வர வேண்டும்? கையெல்லாம் சைக்கிள் செயின் மை. நேராகத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றில் கைவைக்கப் போனான். அக்கா இருமினாள். அவனுக்கு விளங்கவில்லை. கையைக் கழுவுங்க என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவன் திடுக்கிட்டுப் போய், "இந்த வீட்ல இதை யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லையே," என்றான்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊருக்குத்தான் உபதேசமாக்கும் என்று ஆளாளுக்கு வாரினார்கள். சிரித்து ஓய்ந்தபோது ஒருத்தி, தன் வீட்டில் இன்னும் புட்டிதான் என்றாள். இன்னொருத்தி, பெரியவளுக்குப் பூச்சி மாத்திரை வாங்கினேன், ஆனால் கொடுக்கவில்லை என்றாள். அக்கா நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

அதற்காக அக்கா அடியோடு மாறிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். பிறந்த குணம் அவ்வளவு லேசில் போகுமா? ஒரு மாதம் ஓடியிருக்கும். நல்ல வெயில் நேரம். அக்கா ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான்காவது வீட்டுக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து வாசலில் நின்றாள்.

"காலையிலேர்ந்து வயித்தால போகுதுக்கா. புட்டியில குடுத்தேன், கொதிக்க வைக்கவும் இல்ல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுறதுன்னா நடந்துகிட்டே திட்டுங்க, வாங்க."

அக்கா ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கையைக் கழுவி, பையிலிருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஆறவைத்த தண்ணீரில் கலந்து, பாட்டிலும் ஸ்பூனுமாகக் கிளம்பினாள். தோளில் குழந்தை சுருண்டு கிடந்தாலும் ஸ்பூன் வந்தபோதெல்லாம் வாயைத் திறந்தது. அக்கா தெருமுனையில் திட்ட ஆரம்பித்தாள், சுகாதார நிலையத்து வாசல் வரைக்கும் ஓயவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான்காவது வீட்டுக்காரி ஒரு தடவைகூடத் தலைகுனியவில்லை. மூச்சு வாங்க அக்கா கொஞ்சம் நிறுத்தியபோது, குழந்தைக்கு இன்னொரு ஸ்பூன் ஊட்டிக்கொண்டே, "ம், அப்புறம்?" என்றாள்.