தேவாலய வாசலில் நின்றவர்

இத்தாலிக்குப் போக ஆசைப்பட்டவள் நான்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் சித்திரம் படிப்பித்தவள். மங்கிப்போன அச்சுப் படங்களைக் காட்டித்தான் அந்த நாட்டு ஓவியங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் கணவருக்குச் சித்திரமும் ஒன்றுதான், மதிலுக்கு அடிக்கும் பெயின்ற்றும் ஒன்றுதான்.

எழுபதுகளின் நடுவில், நாங்கள் குடியேறிய சிட்னியில், எங்கள் முதல் பிள்ளை பிறந்து ஒரு நாள்கூட இருக்கவில்லை. அதன்பின் நான் சிரிப்பதை விட்டுவிட்டேன். வேலைக்குப் போனேன், சமைத்தேன், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். அந்த மனிசன் ஒருநாள் இரண்டு விமான டிக்கெட்டைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார்.

"வெளிக்கிடு. உன்ர படங்களைப் பாத்திட்டு வருவம்" என்றார்.

ரோமில் முதல் தேவாலயத்து வாசலிலேயே நின்றுவிட்டார். "நீ போய்ப் பார். எனக்குக் கால் நோகுது." அடுத்த இடத்தில் சிகரெட் பிடிக்க வேண்டுமாம். அதற்கடுத்த இடத்தில் உள்ளே குளிராம். அங்கே நல்ல படமெல்லாம் கோயில்களுக்குள்தான் இருக்கிறது. நான் தனியே போய்த் தனியே பார்த்தேன். வெளியே வந்தால், சவரம் செய்யாத முகத்தோடு கமராவைத் தூக்கி என்னைப் படம் எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிளோரன்சில் ஒரு பழைய சுவரோவியம். இயேசுவின் கடைசி விருந்து. எல்லாருடைய முகத்திலும் சாவு எழுதியிருக்க, நிலத்தில் ஒரு பூனை, தனக்கு யாரும் மீன் போடவில்லை என்ற கோபத்தோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தேன். அதைக் காட்ட வெளியே ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கையை உதறினார்.

"இவ்வளவு தூரம் வந்தது வாசலில பிள்ளையார் மாதிரிக் குந்தியிருக்கவோ?" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவர் சிகரெட்டைப் பற்றவைத்தார்.

அன்று பின்னேரம் பொரித்த மீனும் அத்திப்பழமும் வாங்கிவந்து, அறை யன்னல் விளிம்பில் ஒரு தட்டில் வைத்தார். தான் தொடவில்லை. ஆறிப்போகுதே என்று நான் எடுத்துச் சாப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மிச்சத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வெளியே போனார். நாய்க்குப் போட்டதாகச் சொன்னார்.

சிட்னிக்குத் திரும்பிச் சில கிழமைகள் சென்றபின், பென்டில் ஹில் பகுதியில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம், புருசனும் பெண்சாதியும், வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கதைக்கத் தொடங்குமுன் என் கணவர் சுவரில் சிலைட் போட ஆரம்பித்தார். வாசல் வாசலாக நான் நிற்கும் படங்கள். வந்தவர்கள் கதிரை நுனியில் இருந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. பிறகு எழும்பி, "போயிட்டு வாறம்" என்று ஒரு சொல் சொல்லாமல் போனார்கள்.

என்ன மனிசர் என்று வாய் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. எங்கள் ஆட்கள் தேத்தண்ணி குடிக்காமல், சொல்லாமல் போவது ஒரேயொரு வகை வீட்டிலிருந்துதான்.

"ஆர் செத்தது?" என்று கேட்டேன்.

சிலைட் மெசினை நிற்பாட்டினார். "அம்மா. நாங்கள் பிளேன் ஏறுறதுக்கு முதல்நாள். வேலையிடத்துக்குத் தந்தி வந்தது. தம்பி கொள்ளி வைச்சிட்டான்."

துடக்குக்காரர், சாவுத் தீட்டு உள்ளவர்கள், கோயில் படி மிதிக்கக்கூடாது. அவருக்குக் கிறிஸ்தவர்களின் வேதக்கோயிலும் கோயில்தான். மீன் பொரியலும் பழமும் மாமிக்கு விருப்பமானவை. பிளோரன்சில் அன்றுதான் எட்டுச்செலவு, செத்தவருக்குப் பிடித்ததைப் படைக்கும் எட்டாம் நாள். மாமிக்கு என்று மகன் படைத்ததை எடுத்து நான் தின்றிருக்கிறேன்.

"அவ எனக்கு மாமியெல்லோ" என்றேன்.  "என்னை ஒரு சொட்டுக் கண்ணீர் விட விட்டனீங்களோ? ஊரே துக்கத்தில இருக்க என்னைப் பல்லைக் காட்ட வைச்சுப் படமும் எடுத்தனீங்கள்."

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டாய். திரும்பவும் போய்ச் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருப்பாய்." சிலைட் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "நீ சிரிச்சது றோட்டு வரைக்கும் கேட்டது. அங்க நிண்டு அதை அம்மாவுக்குத்தான் சொன்னனான்."

 அழுதேன். அவர் பக்கத்தில் இருந்தார், அழவில்லை. அவர் தன் அழுகையை இத்தாலித் தெருக்களில் தனியாக முடித்துவிட்டு வந்திருந்தார்.

தூரத்தில் இருப்பவர்களுக்குச் செய்தி கேட்ட நாளிலிருந்துதான் துடக்கு. அவருக்கு முப்பத்தொரு நாளும் கழிந்திருந்தது. எனக்கு அன்று தொடங்கியது. அடுத்தநாள் காலை அவர் சவரம் செய்து, முழுகி, சாமியறைக்குள் போய் விளக்கைக் கொளுத்தினார். தாயின் படத்தை அன்றுதான் எடுத்துச் சுவரில் மாட்டினார். திரும்பி, என்னை வரச்சொல்லிக் கையை நீட்டினார்.

நான் வாசலிலேயே நின்றேன்.