தோகுஜியின் இடக்கை

எறிவதற்கு முன் உருண்டையை முகர்ந்து பார்ப்பார் தோகுஜி. களிமண்ணில் என்ன வாசம் என்று கேட்டால், "ஈரமா இருந்தா காத்து இழுத்துட்டுப் போயிரும்யா" என்பார். பிறகு கோயில் மதிலுக்கு மேலாக ஒரு வீச்சு. கீழே அலையடிக்கும் பாறையின் முதுகில், கயிறு வளைத்த குழிக்குள் உருண்டை போய் உட்காரும். யாருடைய வேண்டுதலோ பலிக்கப் போகிறது.

ஆண்கள் இடக்கையாலும் பெண்கள் வலக்கையாலும் எறிய வேண்டும் என்பது எங்கள் கோயில் முறை. ஊர் ஆண்களின் வேண்டுதல்கள் பெரும்பாலும் மீன்களுக்குத்தான் போய்ச் சேரும். சவரக்கடை தோகுஜியோ பிறவி இடக்கைக்காரர். கல்யாணம், கண் ஆபரேஷன், பேஸ்பால் போட்டி, எதுவானாலும் ஊரார் உருண்டையை அவரிடம்தான் நீட்டுகிறார்கள். பாதி முகத்தில் நுரையோடு வாடிக்கையாளரை நாற்காலியில் விட்டுவிட்டு ஓடி வந்ததும் உண்டு.

தமக்காக என்றால் மட்டும் வலக்கை. "அடுத்தவங்களுக்கு இடது கையால எறிஞ்சா அது சேவை. எனக்கே எறிஞ்சுக்கிட்டா திருட்டுய்யா. சாமிக்குத் தெரியாதா, எனக்கு எந்தக் கை சுலபம்னு?"

போன செவ்வாய்க்கிழமை அவர் தமக்காக வந்திருந்தார். சுமியே என்ற அவர் மனைவி நகரத்தில் ஓட்டுநர் தேர்வுக்குப் போயிருந்தார். ஏற்கெனவே பலமுறை தோற்றவர். இம்முறையும் தோற்றால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழக்கிவிடும் வேலை மறுபடி தோகுஜியின் தலையில்.

"தபால் பெட்டிய இடிச்சுட்டு, 'அது ஏன் அங்க நிக்குது'ன்னு என்னையத் திட்டுறாய்யா!"

வலக்கையால் எறிந்த முதல் உருண்டை கடலுக்குப் போனது. அடுத்தது ஒரு நீர்க்காகத்தைப் பதற வைத்தது. அதற்கடுத்தது கைநழுவிப் பின்னால் பறந்து, மதிலோரம் கணவாய் மீன் சுட்டு விற்கும் கவாசே அக்காவின் அடுப்பில் விழுந்தது.

"அண்ணே, பாறை அந்தப் பக்கம்! இது என் பொழப்பு!" என்று இடுக்கியை ஆட்டினார் கவாசே.

மிச்சம் ஒரே ஓர் உருண்டை.

"இடது கைக்கு மாத்துங்கண்ணே. உசுரு முக்கியமா, நியாயம் முக்கியமா?" என்றார் கவாசே.

தோகுஜி கடிகாரத்தைப் பார்த்தார். சுமியே வண்டியைக் கிளப்பியிருக்கும் நேரம். உருண்டை இடக்கைக்கு மாறியது.

குழியின் நட்டநடுவில் விழுந்தது. நாங்கள் கைதட்டினோம். தோகுஜி சிரிக்கவில்லை. சந்நிதிப் பக்கம் திரும்பி, நெற்றி முழங்காலைத் தொடுமளவுக்குக் குனிந்தார், இடக்கையை மட்டும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு.