கடைசித் தேர்வும் ஹோல்கரின் தலையும்

ஆர்ஹூஸ் நகரில், பெரியவர்களும் சேரக்கூடிய மேல்நிலைப் பள்ளியொன்றில் குட்ரூன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினாறில் மீன் ஆலைக்குப் போனவள். பிறகு முதியோர் இல்லத்தில் நெடுநாள் வேலை. முதுகு மக்கர் பண்ணத் தொடங்கியதும், விட்ட படிப்பை முடித்துவிடுவது என்று கிளம்பிவிட்டாள். வீட்டில் பஸ் ஓட்டும் கணவன் ஹோல்கர், "வாங்க பண்டிதையம்மா, உருளைக்கிழங்கு தோல் உரிக்கத் தெரியுமா, மறந்துடுச்சா?" என்று தினமும் சீண்டுவான். ஆனால் பஸ் நேரத்தை மாற்றிக்கொண்டு காலையில் அவளைப் பள்ளியில் விட்டதும் அவன்தான்.

கணக்கும் ஆங்கிலமும் வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பண்டைக்காலப் பாடம்தான் எரிச்சலைக் கிளப்பியது. கிரேக்கர்களின் கதை, கோயில், சிலை. எந்தப் பிரிவை எடுத்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. முதல் வாரமே ஆசிரியை தோராவிடம் போய் நின்றாள்.

"இதுலேருந்து மட்டும் என்னை விட்டுடேம்மா. மூக்கு ஒடஞ்ச கல்லெல்லாம் எனக்கு எதுக்கு?"

"விட முடியாது குட்ரூன், எல்லாருக்கும் கட்டாயம். வேணும்னா முறைச்சிக்கிட்டே உக்காருங்க."

முறைத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். குளிர்காலம் போவதற்குள் மூக்கு உடைந்த கற்களைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் பேசத் தொடங்கியிருந்தாள். ஹோல்கர் ரொட்டியில் ஈரல் பசையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

எந்தப் பாடங்களில் வாய்மொழித் தேர்வு என்பது அங்கே ஒவ்வொரு ஆண்டும் குலுக்கலில் முடிவாகும். குட்ரூனுக்குக் கடைசித் தேர்வாக வாய்த்தது அதே பாடம். அதில் தேறினால், பள்ளி முடித்தவர்கள் அணியும் சிவப்புப் பட்டை போட்ட வெள்ளைத் தொப்பி தலையில் ஏறும். கோட்டைவிட்டால் கூடப் படித்தவர்கள் லாரியில் ஏறி ஊரெல்லாம் கூத்தடிக்கும்போது அவள் வீட்டில் சன்னலோரம் நிற்க வேண்டியதுதான். கடைசித் தேர்வுக்கு முன் தொப்பியைத் தலையில் வைத்தால் தோல்வி நிச்சயம் என்று எல்லாருமே நம்புவார்கள். அதனால் முன்பே வாங்கிவைத்த தொப்பிப் பெட்டியை அவள் திறக்கவே இல்லை.

தேர்வன்று காலையில், கூட எடுத்துப் போகலாமென்று திறந்தாள். உள்ளே ஒரு நரைமுடி கிடந்தது.

"ஹோல்கர்! யாரு இதப் போட்டுப் பாத்தது?"

"காத்து அடிச்சிருக்கும்."

"காத்துக்கு நரைமுடி இருக்கா?"

அவன் ஷூ முனையைப் பார்த்தான். "ஒரே ஒரு நிமிசம், கண்ணாடி முன்னாடி. எனக்குத்தான் படிச்சு இப்படி ஒண்ணு வாங்கக் கெடைக்கல. போட்டது நானு, பெயிலாகப் போறதும் நானு. ஒனக்கென்ன பயம்?"

பள்ளி வாசலில் பெட்டியை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

பச்சைத் துணி விரித்த மேசையில் கவிழ்ந்து கிடந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். வந்த தலைப்பு கிரேக்கக் கல்லறைக் கற்கள். கூடவே அவள் முன்பின் பார்த்திராத ஒரு படம்: உட்கார்ந்திருக்கும் பெண், எதிரே நிற்கும் ஆண், இருவரின் வலக்கைகளும் பிணைந்திருந்தன. தயாரிப்பு நேரம் முடிந்து வந்து உட்கார்ந்தவள் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "என்ன தெரியுது? சும்மா சொல்லுங்க," என்றார்.

"உக்காந்திருக்கறவங்கதான் செத்தவங்கன்னு நெனைக்கிறேன். ஆனா ரெண்டு பேரும் அழல. கைய விடாம இருக்காங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "முதியோர் இல்லத்துல கடைசி நேரத்துல வர்ற பிள்ளைங்களுக்குக் கைய எங்க வைக்கறதுன்னே தெரியாது. கோட்டு பொத்தானத் திருகிக்கிட்டு நிப்பாங்க. எனக்கும் சொல்லத் தெரியல. இதப் பாத்திருந்தா, கையப் புடிங்கன்னு சொல்லியிருப்பேன்."

பிறகு ஆண்டுகளைக் கேட்டார்கள். ஒரு நூற்றாண்டைத் தூக்கி முழுங்கிவிட்டாள். தோரா கூரையைப் பார்த்தாள்.

பன்னிரண்டுக்கு இரண்டு வந்தால் தேர்ச்சி. அவளுக்கு ஏழு கொடுத்தார்கள். குட்ரூன் தோராவின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "அன்னிக்கு என்னை விடாததுக்கு ரொம்ப நன்றிம்மா," என்றாள்.

வெளியே ஹோல்கர் காகிதக் கொடியும் பூங்கொத்துமாக நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. ஏழு என்றதும் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தான். அவன் பெரிய தலை பட்டு இளகிப்போன தொப்பி சரிந்து அவள் புருவத்தில் வந்து நின்றது. நடைவழியே சிரித்தது.

அவள் வலக்கையை நீட்டினாள்.

"என்ன, கை கொடுக்கறே? எங்கயாவது போறியா?" குரல் நடுங்கிற்று. இரண்டு வருடமாக அவன் கேட்க நினைத்தது அதுதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எங்கயும் போகல. சும்மா புடி."

அவன் பிடித்தான். இடக்கையால் அவள் தொப்பியைக் கழற்றி அவன் தலையில் வைத்தாள்.

"இப்பப் போட்டுக்க. இனி யாரும் பெயிலாக மாட்டாங்க."