நானூற்றுப் பதினேழு ஏறிய பாதை

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லிஃப்ட்காரர் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்துவிடுவார். கீழே ஒரு சலவைக் கடை. அங்கே நாள் முழுக்க இஸ்திரி ஓடும். அதன் நீராவி சுவரைத் தடவிக்கொண்டே மேலே ஏறி மாடி ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். அது முகத்தில் பட்டதும் அவருக்குக் கண் சொருகிவிடும். அடுத்த நிமிஷம் மலையில் இருப்பார்.

மலை என்றால் பனி மூடிய மலை. சத்தமே இல்லாத வெள்ளை. முன்னால் ஒரு கோவேறு கழுதை, அதன் இரண்டு பக்கமும் சுமை, சுமைக்கு மேல் மெல்லப் படியும் பனி. அவர் நாக்கால் 'ட்ச், ட்ச்' என்பார். அது காதைத் திருப்பும், காலைத் தூக்கி வைக்கும். எங்கே போகிறோம் என்ற கவலை அதற்கும் இல்லை, அவருக்கும் இல்லை. போய்க்கொண்டே இருப்பார்கள். கீழே சலவைக்காரர் யாரையாவது திட்டும் குரல் கேட்டதும் மலை கரைந்து நாற்காலி வந்துவிடும்.

இளவயதில் பட்டாளத்தில் அவருக்கு அதுதான் வேலை. கழுதை என்று மட்டும் சொன்னால் சண்டைக்கு வருவார். "கோவேறுன்னு சேர்த்துச் சொல்லு. அது வேற ஜாதி அறிவு" என்பார். பெயர் வைக்கிற வழக்கம் அங்கே கிடையாது. குளம்பில் எண்ணைச் சுட்டுவிடுவார்கள். குளம்பு நகம் மாதிரி வளர்வதால் கொஞ்ச காலத்தில் எண் கீழே இறங்கித் தேய்ந்துபோகும். மறுபடி சுட வேண்டும். வலிக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். இருந்தாலும் அவர் அந்த நேரத்தில் அதன் முகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டிருப்பார். நானூற்றுப் பதினேழு என்பது அதன் எண். செல்லமாகப் பதினேழு.

பட்டாளத்தை விட்டு வந்தபின் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினார். அங்கேயும் சுமைதான், ஏற்றம்தான், இறக்கம்தான். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்ததும் கதவை இழுத்து மூடி, பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் நாக்கால் இரண்டு தடவை 'ட்ச், ட்ச்' என்பார். பழக்க தோஷம். அந்தச் சத்தம் கேட்டால்தான் லிஃப்ட் நகரும் என்று நர்ஸுகளே நம்பத் தொடங்கிவிட்டார்கள். பழுதாகி நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன்னால், "ஐயா, நீங்க ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்" என்பார்கள். ஓய்வு பெற்று எவ்வளவோ காலமாகியும் தெருவில் அவர் லிஃப்ட்காரர்தான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனுஷனைக் கலக்கியது ஒரு நகல். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அட்டை வாங்க, பணிப் பதிவின் நகல் வேண்டும் என்றார்கள். மகள் எழுதிப் போட்டாள். வந்தது. தன் பட்டாள வாழ்க்கையை அவர் எழுத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். மலையில் இருந்த அந்தப் பனிக்காலத்துக்கு நேராக, 'அடிவார முகாம், தீவனக் கிடங்கு' என்று இருந்தது. பதக்கங்கள் என்ற இடத்தில், 'இல்லை.'

அவருக்கு வர வேண்டியவை இரண்டு. ஒன்று, அந்தப் பனிக்காலம் முழுக்க மேலே சுமை கொண்டுபோனவர்களுக்கான மலைப்பணிப் பதக்கம். இன்னொன்று துணிவுப் பதக்கம். மரப்பாலம் பாதி உடைந்து தொங்கிய நாளில், அடிபட்ட இரண்டு பேரைப் பதினேழின் முதுகில் கட்டிக் கீழே கொண்டுவந்து சேர்த்ததற்கு. அன்றைக்கு மேஜர் அவர் சட்டையில் இரண்டு நாடாக்களைக் குத்திவிட்டு, "மெடல் பின்னாடி வரும்" என்றார். வரவில்லை. நாடாக்களைக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் மனைவி பெட்டியில் பார்த்தாள். நல்ல பட்டு நாடா, வீணாகப் போகிறதே என்று மகளுக்குப் பின்னலில் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். ஒன்று விளையாட்டு மைதானத்தில் தொலைந்தது. மற்றதைச் சாயம் போகிறதென்று தூக்கிப் போட்டாள்.

தப்பு எப்படி நடந்தது என்று யோசித்தால் சிரிப்புத்தான் வரும். கோவேறு கழுதை அரசாங்கச் சொத்து. ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போனால் அதற்கு ரசீது உண்டு, கையெழுத்து உண்டு. ஓட்டுகிறவனுக்கு ரசீது கிடையாது. "நீயும் கூடப் போ" என்று கை காட்டினார்கள், போனார். கழுதையைப் பதிவில் மாற்றினார்கள், ஆளை மாற்ற மறந்தார்கள். அதனால் மலையில் பதினேழு மட்டும் இருந்தது. அவர் கீழே வைக்கோலுக்குக் காவல் இருந்தார்.

மகள் விண்ணப்பம் எழுதினாள். கிணற்றில் போட்ட கல்லாக அது பல காலம் கிடந்தது. பிறகு பதில் வந்தது: தாங்கள் குறிப்பிடும் காலத்தில் தாங்கள் அடிவார முகாமில் இருந்ததாகவே பதிவு, கூட இருந்தவர் யாராவது சாட்சி சொன்னால் பரிசீலிக்கலாம். கூட இருந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"கனவுல போயிட்டு வந்திருப்பீங்க" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. கேலிதான். கல்யாணமான நாளிலிருந்து பேசுகிற கேலி. அவர் எப்போதும் பதிலுக்கு ஏதாவது சொல்வார். அன்றைக்கு அந்தப் பதிலைத் திரும்ப எடுத்துப் படித்தார்.

அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நாளாகவே அவருக்கு மறதி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார். பேரன் பெயர் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும். மலை மட்டும்தான் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் இப்போது பயமுறுத்தியது. நிஜத்தில் நடந்தது இவ்வளவு அழகாகவா இருக்கும்? ஒருவேளை தீவனக் கிடங்கில் உட்கார்ந்து, மேலே போய் வந்தவர்கள் சொன்ன கதையைக் கேட்டுக் கேட்டுத் தன்னுடையதாக்கிக்கொண்டோமோ? வைக்கோல் வாசனைகூட நன்றாக நினைவிருக்கிறதே? நாற்காலியில் சாய்ந்தால் மலை வரும். ஆனால் இப்போது பாதையில் நடந்துகொண்டே, இது பொய்யோ, இது பொய்யோ என்று அவர் பதினேழைக் கேட்டார். அது காதை ஆட்டியது.

பதக்கம் போனால் போகிறது. தான் இருந்தோமா இல்லையா என்பது தெரிய வேண்டும். மேல்முறையீட்டுக் குழு நேரில் வரச் சொன்னபோது அதற்காகத்தான் கிளம்பினார். "தனியா விட்டா நீங்க வேற ஊருக்குப் போயிடுவீங்க" என்று மனைவியும் கூட வந்தாள்.

குழுவின் அறை நாலாவது மாடி. லிஃப்டில் ஆள் கிடையாது. அவர் தன்னை அறியாமல் பொத்தான்கள் பக்கமாகப் போய் நின்றுகொண்டார். அவர்களோடு கைத்தடி ஊன்றிய வயசாளி ஒருவரும் ஏறினார். கதவு மூடியதும் லிஃப்ட்காரர் "ட்ச், ட்ச்" என்றார். கைத்தடிக்காரர் தலையைத் திருப்பி அவரையே பார்த்தார். மனைவிக்கு மானம் போனது. முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

உள்ளே போனால் அந்தக் கைத்தடிக்காரர் குழுவில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற கால்நடை டாக்டராம், பட்டாளத்தில் இருந்தவராம். நடுவில் குழுத் தலைவி. நல்ல பெண்மணிதான், ஆனால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற ரகம்.

"நானூற்றுப் பதினேழு மலைக்குப் போனதுக்கு ரெக்கார்ட் இருக்கு" என்றார் தலைவி. "அதுக்குப் பதக்கம் கொடுத்ததும் இருக்கு. யார் ஓட்டினாங்கன்னு இல்லை. நீங்க அந்த நேரம் கிடங்குல இருந்ததா இருக்கு."

"கழுதை தானா ஏறிப் போச்சாம்மா?" என்று கேட்டாள் மனைவி.

தலைவி அவளைப் பார்த்தார். பிறகு அவரிடம், "நீங்க சொல்லுங்க. நீங்க போனீங்களா?" என்றார்.

எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த பதில் அது. ஆனால் வாயைத் திறந்தபோது சந்தேகம் முந்திக்கொண்டது. "போனேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். "இப்ப நிச்சயமாச் சொல்லத் தெரியலை, மேடம்."

மனைவிக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் அவள் கேலி பேசியிருக்கலாம். அது அவள் உரிமை. அதற்காக நாலு பேர் முன்னால் இந்த மனுஷன் தலையைத் தொங்கப் போடுவதா?

"நினைக்கிறாராம். ராத்திரியில வந்து பாருங்கம்மா நினைக்கிறதை" என்றாள். "கல்யாணமான நாள்லேருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. முதல்ல ட்ச் ட்ச். அப்புறம், 'இடப்பக்கம் ஒட்டி வா, கீழே பார்க்காதே.' கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. மூச்சு மட்டும் வாங்கும். அப்புறம், 'பிளந்த கல்லு வந்துடுச்சு, நில்லு, நில்லு.' உடனே கையால ஒரு தள்ளு. நான் இடது பக்கம் படுத்திருப்பேன், தோள்ல விழும். அப்புறம், 'பாலம், நீ முதல்ல போ, நான் பின்னாடி இருக்கேன், பயப்படாதே.' நான் அந்த மலையைப் பார்த்ததே இல்லை. ஆனா கண்ணைக் கட்டி விட்டாலும் ஏறிடுவேன்."

இதெல்லாம் அவருக்கே புதுச் செய்தி. வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா சிரிப்பை அடக்கினான்.

அதுவரை வாயே திறக்காத கால்நடை டாக்டர் கைத்தடியை மேஜை மேல் வைத்தார். "அம்மா, அந்தத் தள்ளு தினமும் உங்க தோள்லதான் விழுமா?"

அவள் யோசித்தாள். "இல்லைங்கய்யா. சில நாள் எனக்கு. சில நாள் வலது கையை வீசுவார், அது சுவருக்குப் போகும். அந்த இடத்துல பூச்சு உதிர்ந்தே போச்சு. ஏன் மாறி மாறி வருதுன்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "பிளந்த கல்லுக்கிட்ட பாதை குறுகிடும். சுமை பாறையில இடிச்சா விலங்கு பள்ளத்துல போயிடும். அதனால பாறைப் பக்கத்துச் சுமையைத் கையால முட்டுக் கொடுத்துத் தூக்கித் தள்ளணும். ஏறும்போது பாறை இடது கைப்பக்கம். இறங்கும்போது வலது கைப்பக்கம்." அவள் பக்கம் திரும்பினார். "அவர் ஏறின நாள் உங்களுக்கு அடி. இறங்கின நாள் சுவருக்கு."

குமாஸ்தா எழுதுவதை நிறுத்தினான்.

"கிடங்குல உட்கார்ந்து கேட்ட கதையா இருக்கலாமே?" என்று தலைவி மெதுவாகக் கேட்டார். லிஃப்ட்காரரை உறுத்திக்கொண்டிருந்த அதே கேள்வி. அவர் டாக்டரைப் பார்த்தார்.

"கேட்ட கதைக்கு வாய் பேசும், கை ஆடாது" என்றார் டாக்டர். "அந்தப் பனிக்காலத்துல குளம்பு பார்க்க நான் மூணு தடவை மேலே போனேன். எல்லாரும் கம்பளியில முகத்தைச் சுத்தியிருப்பாங்க, ஆள் அடையாளம் தெரியாது. ஆனா நம்பர் சுடும்போது ஒருத்தன் மட்டும் கழுதை முகத்தைக் கட்டிக்கிட்டு எதையாவது உளறிக்கிட்டே இருப்பான். நடுநடுவுல இந்த நாக்குச் சத்தம். லிஃப்டுல கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. சாட்சிக் கையெழுத்து நான் போடுறேன். குழுவுல இருக்கிற ஆள் போடக் கூடாதுன்னா, குழுவுலேருந்து விலகிக்கிறேன்."

லிஃப்ட்காரர் அழுதுவிட்டார். பதக்கத்துக்காக இல்லை. தான் இருந்திருக்கிறோம் என்பதற்காக.

திருத்திய பணிப் பதிவு வந்த அன்று மகள் அதை உரக்கப் படித்துக் காட்டினாள். இரண்டு பதக்கங்களும் பெயருக்கு நேராக இருந்தன. தீவனக் கிடங்கு அடிக்கப்பட்டிருந்தது. சின்னப் பெட்டியில் பதக்கங்களும் வந்தன. மனைவி நாடாவைத் தொட்டுப் பார்த்து, "அதே பட்டு" என்றாள். பிறகு அதைப் பூட்டி வைத்துச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மலை வரவில்லை.

மத்தியானம் நாற்காலியில் சாய்ந்தார். நீராவி வந்தது, தூக்கமும் வந்தது. அடித்துப்போட்ட தூக்கம், உள்ளே ஒன்றுமே இல்லை. இரவில் கை அசையவில்லை, வாய் பேசவில்லை. மனைவி சுவருக்குப் பூச்சு வைத்தாள். பதினேழு எங்கேயோ போய்விட்டது. சந்தேகம் இருந்தவரை தினமும் வந்து நின்ற விலங்கு, எழுத்தில் உறுதியானதும் தன் வேலை முடிந்ததென்று நினைத்துக்கொண்டது போலிருந்தது. இப்படியாகும் என்று தெரிந்திருந்தால் விண்ணப்பமே போட்டிருக்க மாட்டார்.

"பதினேழு வரமாட்டேங்குது" என்றார் ஒரு நாள், குழந்தை மாதிரி.

"நல்லதாப் போச்சு. நானாவது தூங்குறேன்" என்றாள் அவள். ஆனால் அவள் தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்த வயதில் புதிதாக வந்த அமைதி அவளுக்குப் பழகவில்லை. இருட்டில் புரண்டு புரண்டு படுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவர் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்கவில்லை, தூங்க முயன்றுகொண்டிருந்தார். கீழே இஸ்திரி சீறியது. ஆவி மேலே ஏறி முகத்தில் பட்டது. பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இடது பக்கமாக அவள் உட்கார்ந்தாள்.

பிறகு, கூச்சத்தோடு, தப்பும் தவறுமாக, "ட்ச்... ட்ச்" என்றாள்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"இடப்பக்கம் ஒட்டி வா" என்றாள் அவள், ரகசியம் பேசுகிற குரலில். "கீழே பார்க்காதே."

வெள்ளை மெல்லப் பரவியது. குளிர்ந்தது. எங்கேயோ முன்னால் ஒரு காது திரும்பியது. அவர் நடந்தார். மூச்சு வாங்கியது. பாதை வளைந்தது, குறுகியது.

"பிளந்த கல்லு வந்துடுச்சு" என்றாள். "நில்லு, நில்லு."

அவர் இடது கையைத் தூக்கிச் சுமையைத் தள்ளினார். அவள் தோள் அங்கே இருந்தது. நகரவில்லை.