எந்தப் பக்கம் கூட நோகுது?

அந்த வருஷம் நோன்பு மாதத்தில் சாயக் கொப்பரை சரிந்து என் கால் வெந்துபோனது. மருதமுனையில் எங்கள் தறிக்கு நூல் சாயம் போடுவது என் வேலை. பெரியாஸ்பத்திரியில் இரண்டு தொடையிலிருந்தும் மெல்லிசாகத் தோல் சீவி எடுத்துக் காலில் ஒட்டினார்கள். வெந்த இடத்தை விட, சீவிய இடம்தான் என் உயிரை வாங்கியது.

வலது தொடைக்கு வஸ்லீன் தோய்த்த துணி, இடதுக்கு வெறும் துணி என்று டொக்டர் கட்டிவிட்டார். எது நல்லது என்று பார்க்கிறாராம். பார்க்க என் தொடைதானா கிடைத்தது என்று எனக்கு எரிச்சல். பதினைந்து நாள் கட்டை அவிழ்ப்பதில்லை. அதுவரை என் வாய்ச்சொல்தான் அவருக்கு ஆதாரம்.

நோயாளரைப் பார்க்க விடுவது பின்னேரம் நாலு முதல் ஆறு வரை. நோன்பு திறக்கிற நேரத்தில் யார் பஸ் ஏறி வருவார்கள்? உம்மா ஒரு தரம் வந்தார், அதோடு சரி. மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நிற்க, நான் சுவரைப் பார்த்தபடி கிடப்பேன். அழுதும் இருக்கிறேன், அதில் என்ன வெட்கம்.

என்னோடு கதைக்கிற ஒரே ஆள் டொக்டர்தான். "எந்தப் பக்கம் கூட நோகுது?" என்று தினமும் கேட்பார். வஸ்லீன் பக்கம் நாலாம் நாளே நோவு அடங்கிவிட்டது. அதைச் சொன்னேன். "நல்லது" என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மறுநாள், நோவு அடங்கிய பக்கத்தையே காட்டி, "வலதுதான் டொக்டர், சரியா எரியுது" என்றேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஊரைப் பற்றிக் கேட்டார், தறியைப் பற்றிக் கேட்டார். அதன் பிறகு தினமும் எனக்கு வலதுதான் எரிந்தது.

பக்கத்துக் கட்டிலுக்கு, விளக்குக் கவிழ்ந்து கை வெந்த பாண்டிருப்பு மீன்காரர் ஒருவர் வந்தார். அவருக்கும் தொடைத் தோல்தான் எடுத்தார்கள். "இவர்ட கதையக் கேட்டுத்தான் உங்களுக்கு ரெண்டு பக்கமும் வெறும் துணி போட்டிருக்கன்" என்று டொக்டர் என்னைக் காட்டி அவரிடம் சொன்னார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நோன்பு மாதமாமே என்று மீன்காரரின் மனைவி அன்று எனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்.

மூன்றாம் நாள் ரத்தம் ஊறியதால் அவர் கட்டை மாற்ற வேண்டி வந்தது. துணி காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கிடந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றி உரித்தார்கள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், வேர்த்த முகத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"இதையும் விட நோவெடுத்த துணியையா தம்பி நீங்க தனியாக் கிடந்து தாங்கினீங்க?"

"ஓம் அண்ணே" என்றேன்.